கொலம்பஸுக்கு மஞ்சள்-நீலச் சட்டையோடு: ஓஹையோ ஸ்டேட் மேட்சுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இரட்டைப்படை ஆண்டில் அக்டோபர் பாதி தாண்டினால் போதும், ஆன் ஆர்பரில் படிக்கும் நம் பிள்ளைகளும் கேன்டன், நோவை பக்கம் இருக்கும் குடும்பங்களும் அதே கேள்விகளோடு வருவார்கள். ஆன் ஆர்பரிலுள்ள மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஓஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்குப் போய் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு மோதும் ஆண்டு அது. எதிராளி ஊருக்கே போய், அவர்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்ப்பது பற்றிய சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

"அண்ணா, எனக்கு ரூல்ஸே தெரியாது. அங்க வந்து என்னத்தைப் பாக்குறது?"

இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்து 1 புள்ளியோ, இன்னொரு முறை பாய்ந்து 2 புள்ளியோ சேர்க்கலாம். கோட்டை எட்ட முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. மீதியைப் பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே சொல்லித்தருவார், அவர் ஓஹையோ ஆளாக இருந்தாலும்.

15 நிமிடம் வீதம் நான்கு பகுதி என்று சொல்வார்கள். கடிகாரம் நின்று நின்று ஓடும், டிவி விளம்பரத்துக்காகவும் ஆட்டம் நிற்கும். ஆக மொத்தம் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரா கிடையாது, சமமாக முடிந்தால் ஓவர்டைம். 2016-இல் இதே கொலம்பஸில் இரண்டு ஓவர்டைம் போய், ஓஹையோ ஸ்டேட் 30-27 என்று ஜெயித்தது.

"காலேஜ் பசங்க ஆடுற மேட்ச்தானே, அதுக்கா இவ்ளோ அலப்பறை?"

அந்த 2016 மேட்சுக்கு வந்த கூட்டம் 1,10,045. ஓஹையோ ஸ்டேடியத்தில் அதுதான் இன்றுவரை அதிகம். 1922-இல் கட்டிய, குதிரை லாட வடிவ அரங்கம். அந்த ஊரில் என்.எஃப்.எல். என்கிற பெரிய தொழில்முறை லீக்கின் அணியும் கிடையாது. அத்தனை வெறியும் கல்லூரி அணி மேல்தான்.

இரண்டு அணிகளும் 1897-இல் முதலில் மோதின. 1918-லிருந்து, கொரோனாவால் ரத்தான 2020 தவிர, ஆண்டு தவறியதில்லை. பகை அதற்கும் முந்தியது. 1835-இல் எல்லையிலுள்ள டொலிடோ ஊர் மிஷிகனுக்கா ஓஹையோவுக்கா என்று இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு கிளம்பி, கடைசியில் டொலிடோ ஓஹையோவுக்கும், அதற்கு ஈடாக வடக்கே இருக்கும் மேல் தீபகற்பம் மிஷிகனுக்கும் போனது. கொலம்பஸுக்குக் காரில் போகும்போது டொலிடோ வழியாகத்தான் போவீர்கள். இதற்கா சண்டை போட்டார்கள் என்று தோன்றினால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்போ நடக்கும்? நைட் மேட்சா?"

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு இரண்டு நாள் கழித்து வரும் சனிக்கிழமை. வழக்கமாகப் பகல் 12 மணிக்குத் தொடங்கும். இரட்டைப்படை ஆண்டில் கொலம்பஸ், ஒற்றைப்படையில் ஆன் ஆர்பர்.

"டிக்கெட் எங்க கிடைக்கும்? மிஷிகன் ஆளுங்களுக்குத் தனி இடம் உண்டாமே?"

உண்டு. வரும் அணிக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி, டிக்கெட்டை மிஷிகன் டிக்கெட் அலுவலகத்திடமே கொடுப்பார்கள். அது நன்கொடையாளர்களையும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களையும் தாண்டி நம் கைக்கு வருவது அபூர்வம். முதலாம் ஆண்டு எம்.எஸ். மாணவர் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்கள்தான். 2025 மே மாதத்திலிருந்து எல்லாக் கட்டணமும் சேர்த்த விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால், கடைசிப் பக்கத்தில் விலை எகிறும் தொல்லை குறைந்திருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிக்கெட் உங்கள் கணக்குக்கு மாறினால்தான் அது டிக்கெட். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி உள்ளே போக முடியாது. மாறிய கையோடு அதை ஃபோன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். லட்சம் பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது வாசலில் இன்டர்நெட் படுத்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தெற்குப் பக்கம் அவர்களுடைய மாணவர்கள் உட்காரும் பகுதி. உட்காரும் என்று சொன்னேன், அவர்கள் உட்காரவே மாட்டார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று நீலச் சட்டையோடு அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

"தம்பி, நம்ம டீம் சட்டை போட்டுட்டுப் போனா அடிச்சிருவாங்களா?"

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அடிக்க மாட்டார்கள். கிண்டல் செய்வார்கள், அதுவும் தாராளமாக. லேன் அவென்யூ பாலத்தில் நடக்கும்போது ஏழு வயதுப் பொடியன்கூட உங்களைப் பார்த்து ஊளையிடுவான், அவன் பாட்டி சிரித்துக்கொண்டு நிற்பார். அந்த வாரம் முழுக்க வளாகத்தில் எம் எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். மருத்துவக் கட்டடப் பெயர்ப் பலகைகூடத் தப்பாது. மிஷிகன் என்று பெயர் சொல்லவும் மாட்டார்கள். 'வடக்கே இருக்கும் அந்த டீம்' என்பார்கள். இதெல்லாம் சேர்ந்ததுதான் வேடிக்கை.

என் யோசனை, சட்டையைப் போட்டுக்கொண்டே போங்கள். ஒளித்துக்கொண்டு போய் நம் அணி டச்டவுன் அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் வாயை அடக்குங்கள். யாராவது ஏதாவது சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பதில் சொல்ல நின்றால்தான் வம்பு வளரும். 'ஓஹையோ ஒழிக' என்கிற மாதிரி அச்சடித்த பனியன் வேண்டவே வேண்டாம். நம் அணியை வாழ்த்துவது வேறு, அவர்கள் வீட்டு வாசலில் நின்று அவர்களை ஏசுவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது.

உண்மையான ஆபத்து எங்கே என்று கேட்டால், மேட்ச் முடிந்தபின் இருட்டியதும் ஹை ஸ்ட்ரீட் மதுக்கடைகள் பக்கம். காலையிலிருந்து குடித்தவர்கள், தோற்ற கடுப்பில் இருப்பவர்கள். அங்கே போகாமல் இருந்தாலோ, மேலே ஒரு சாதாரண ஜாக்கெட் போட்டு ஜிப்பை மூடிக்கொண்டாலோ பிரச்சினை இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் யாராவது எல்லை மீறினால் வரிசைக் கடைசியில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். நீங்களே தீர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

"கார்ல போலாமா, ட்ரெயின் ஏதாவது இருக்கா?"

ரயில் இல்லை. கொலம்பஸ் அவ்வளவு பெரிய ஊராக இருந்தும் பயணிகள் ரயில் கிடையாது. ஆன் ஆர்பரிலிருந்து காரில் சுமார் 190 மைல். யு.எஸ். 23 பிடித்து டொலிடோ, அங்கிருந்து ஐ-75-இல் ஃபிண்ட்லே, பிறகு ஓஹையோ 15 வழியாக மறுபடி யு.எஸ். 23. சாதாரண நாளில் மூன்று மணி நேரம், சொச்சம். மேட்ச் நாளில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் டெலவேர் ஊரைத் தாண்டியதும் சிக்னலுக்கு மேல் சிக்னல் வரும். ஊரைச் சுற்றி ஓடும் ஐ-270 வந்ததும் மேற்கே திரும்பி, 315 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் வளாகம். லேன் அவென்யூ இறக்கத்தில் எல்லோரும் நிற்பார்கள்; நீங்களும் நிற்கத்தான் வேண்டும்.

பார்க்கிங்கை முன்கூட்டியே காசு கட்டிப் பிடித்துவிடுங்கள். ஒலென்டாஞ்சி ஆற்றுக்கு மேற்கே நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்து வருவது தூரம்தான், ஆனால் திரும்பும்போது வண்டி சீக்கிரம் நகரும். இரண்டு மாநிலத்திலும் 2023 முதல் ஓட்டும்போது ஃபோனைக் கையில் வைத்திருப்பதே குற்றம். வழி சொல்ல அதைத் தாங்கியில் மாட்டிவிடுங்கள். பழைய ஓஹையோ பயிற்சியாளர் வுடி ஹேஸ், மிஷிகனில் பெட்ரோல் போட மறுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டாவது எல்லையைத் தாண்டுவேன் என்றாராம். கதையோ நிஜமோ, நீங்கள் ஃபிண்ட்லேயில் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஓட்டல் ரேட்டைப் பாத்தா தலை சுத்துது. அன்னிக்கே திரும்பிரலாமா?"

திரும்பலாம். 12 மணி மேட்ச் என்பதால் காலை ஆறு மணிக்குள் கிளம்பி, இரவு சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். தங்கியே ஆக வேண்டுமென்றால் கொலம்பஸுக்குள் தேடாமல் மேரியன், ஃபிண்ட்லே போன்ற வழியிலுள்ள ஊர்களில் பாருங்கள். வளாகத்தை ஒட்டிய ஓட்டல்கள் இரண்டு இரவு எடுத்தால்தான் தருவேன் என்பார்கள்.

"தயிர் சாதம் உள்ள விடுவாங்களா?"

விடமாட்டார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. காரிலேயே, உள்ளே போகுமுன் சாப்பிட்டுவிடுங்கள். தயிர் சாதம் அந்தக் குளிரில் தொண்டையில் இறங்காது. சூடான ஃபிளாஸ்க்கில் ரசமும், சப்பாத்திச் சுருளும் புளியோதரையும் சரியாக இருக்கும். உள்ளே சைவத்துக்குப் பாப்கார்ன், பிரெட்செல், நாச்சோ, பிரெஞ்சு ஃபிரைஸ் என்று ஒப்பேற்றலாம். திரும்பும்போது ஐ-270-ஐ ஒட்டிய சாமில் ரோடு, டப்ளின் பக்கம் இந்தியக் கடைகள் இருக்கின்றன.

பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், 6 அங்குல ஆழம், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை. அல்லது ஒரு கேலன் ஜிப்லாக். தோளில் மாட்டும் லேப்டாப் பையோடு போனால் காருக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். குடையும் கூடாது, மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து, இன்சுலின் போன்றவற்றைச் சோதித்துவிட்டு விடுவார்கள். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும், அந்த வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

"அம்மா அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். குளிர் தாங்குவாங்களா?"

நவம்பர் கடைசியில் கொலம்பஸ் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். 1950-இல் பனிப்புயலுக்கு நடுவே இதே மைதானத்தில் ஆடினார்கள். மிஷிகன் எறிந்த பந்தை ஒரு முறைகூடப் பிடிக்காமல், ஒரு முறைகூட 10 கெஜக் கணக்கை முடிக்காமல் 9-3 என்று ஜெயித்தது. அப்படி எப்போதும் இருக்காது. ஆனாலும் மூன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தால் 2 டிகிரியே எலும்பில் ஏறும்.

மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் குளிர் கீழேயிருந்துதான் வரும். சாய்மானம் இல்லாத பெஞ்சு, கீழே கான்கிரீட். ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, காலுக்கடியில் போடும் அளவுக்கு மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஷூவை வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளி சாக்ஸ். உள்ளங்கையில் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களை வால்மார்ட்டில் விற்பார்கள், ஆளுக்கு இரண்டு. அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் உள்ளே தெர்மல், மேலே முழங்கால் தாண்டும் கோட்டு, காலில் செருப்பு அறவே கூடாது.

குளிரைவிடப் படிகளை யோசியுங்கள். மேல் தளத்துக்கு ஏறுவது முழங்கால் வலி இருப்பவர்களுக்குப் பெரும் பாடு. முக்கியமான கட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், பின்னால் இருப்பவர்களும் நின்றால்தான் தெரியும். 65 தாண்டிய பெற்றோருக்கு இந்த மேட்சை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செப்டம்பரில் ஆன் ஆர்பரில் ஏதாவது ஒரு சாதாரண மேட்சுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தெரு மட்டத்தில் நுழைந்து கீழே இறங்கும் வகையில் அரங்கம் பள்ளத்தில் இருக்கிறது, வெயிலும் இருக்கும்.

"டெயில்கேட்ல தெரியாதவங்க கூப்பிட்டா போலாமா?"

தாராளமாகப் போகலாம். கார்ப் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, காலை எட்டு மணிக்கே பர்கர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். எதிரணிச் சட்டையைப் பார்த்ததும் முதலில் ஏசுவார்கள், அப்புறம் தட்டை நீட்டுவார்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு பாக்கெட் முறுக்கு கொண்டுபோங்கள், நன்றாக விலைபோகும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எதில் என்ன இருக்கிறது என்று கேட்டே வாங்குங்கள்.

பக்கை என்று ஒரு உருண்டை கொடுப்பார்கள்: கடலை வெண்ணெயைச் சாக்லேட்டில் தோய்த்தது, அருமையாக இருக்கும். அதே பெயரில் மரத்துக் கொட்டையைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பார்கள். அது நச்சுக்கொட்டை, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேட்சுக்கு முன்னாடியே போய் என்ன பண்றது?"

அவர்களுடைய பேண்டைப் பாருங்கள். எதிரணி என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் நஷ்டப்படுவார்கள். பித்தளைக் குழல்களும் மேளங்களும் மட்டுமே உள்ள பெரிய பேண்டு அது. மேட்சுக்கு முன் செயின்ட் ஜான் அரீனாவில் ஒத்திகை மாதிரி வாசிப்பார்கள். பிறகு வடக்குச் சரிவில் ஓடி இறங்கி மைதானத்துக்குள் வருவார்கள். முன்னால் வரும் தலைவர் பின்பக்கமாக வளைந்து தொப்பி இறகு தரையில் படக் குனிவார்.

1936-லிருந்து ஓஹையோ என்ற சொல்லைக் கூட்டெழுத்தாக நடந்தே எழுதுகிறார்கள். கடைசியில் சூசாஃபோன் என்ற பெரிய பித்தளைக் குழலைத் தூக்கிய ஒருவர் ஒய்யாரமாக நடந்துபோய் ஐ எழுத்துக்குப் புள்ளி ஆவார். 1932-லேயே மிஷிகன் பேண்டு அதே மைதானத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டியிருக்கிறது. இந்தத் தகவலைத் திரும்பி வரும்போது காருக்குள் பேசிக்கொள்ளலாம், அங்கே வேண்டாம்.

"எஃப்-1 விசால இருக்கேன். ரெண்டு பீர் குடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

21 வயது ஆகியிருந்தால் அரங்கத்துக்குள்ளேயே பீர் விற்கிறார்கள், குடிக்கலாம். திறந்த கேனோடு தெருவில் நடப்பது குற்றம், அவர்கள் நடக்கிறார்களே என்று பார்க்காதீர்கள். 21 ஆகவில்லையென்றால் ஒரு வாய்கூட வேண்டாம்.

குடித்துவிட்டு வண்டியைத் தொடவே கூடாது. போதையில் ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்னரே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போனால் சென்னைத் துணைத் தூதரகத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். ஓட்டுகிறவர் யார் என்று காலையில் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன வாயை அடக்கும் விஷயம் விசாக்காரர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்: கைகலப்பில் யார் முதலில் அடித்தது என்று போலீஸ் சாவகாசமாக விசாரிக்காது.

"நாம ஜெயிச்சா கிரவுண்டுக்குள்ள இறங்கலாமா?"

கூடாது. 2024-இல் யாரும் எதிர்பார்க்காமல் மிஷிகன் 13-10 என்று கொலம்பஸில் ஜெயித்தது. மிஷிகன் ஆட்டக்காரர்கள் நடுமைதானத்தில் தங்கள் கொடியை நடப்போக, அடிதடியாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும், அவை ஆடும் லீக்கான பிக் டென் அமைப்பு ஆளுக்கு 1,00,000 டாலர் அபராதம் போட்டது. ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கதி. நீங்கள் இருக்கையிலேயே நின்று கத்துங்கள், நம் பேண்டு வாசிக்கும் பக்கம் போய்ப் பாடுங்கள், படம் எடுங்கள். கூட்டம் கொஞ்சம் வடியட்டும், அதன்பின் வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் கொண்டாட்டம் ஐ-270 தாண்டும்வரை வேண்டாம்.

"என் வொய்ஃப் ஓஹையோ ஸ்டேட்ல படிச்சவ, நான் மிஷிகன். சேர்ந்து உக்காரலாமா?"

உட்காரலாம், இப்படி ஜோடி நிறைய உண்டு. அவர் சிவப்புச் சட்டை பக்கத்தில் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அவர் பழைய நண்பர்கள் 'ஓ-ஹெச்' என்று கத்தினால் பதிலுக்கு 'ஐ-ஓ' என்று கத்துவது மரபு. நீங்கள் கத்த வேண்டாம், கத்தினால் இரண்டு பக்கமும் மதிக்காது. சும்மா சிரித்தால் போதும். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து மிஷிகன் ஜெயித்ததையும், 2025-இல் ஓஹையோ ஸ்டேட் 27-9 என்று திருப்பிக் கொடுத்ததையும் திரும்பும் வழியில் யார் முதலில் எடுப்பது என்பது உங்கள் குடும்ப விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன்.

"பயங்கரமா தோத்துட்டு இருந்தா பாதியில கிளம்பிரலாமா?"

நான்காம் பகுதி பாதியில் 20 புள்ளி பின்தங்கியிருந்தால், கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால், கிளம்புங்கள்; 315-இல் ஏறும் நேரம் பாதியாகக் குறையும். ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அதனால் காரில் மறந்த கையுறையை எடுக்கப் போகிறேன் என்று இடைவேளையில் போய்விடாதீர்கள். இடைவேளை 20 நிமிடம், அதற்குள் கழிப்பறை வரிசையே முடியாது. இரண்டாம் பகுதி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதே எழுந்து போய்வந்துவிட்டால், அவர்கள் பேண்டு வாசிக்கத் தொடங்கும்போது இருக்கையில் இருப்பீர்கள்.